மகள் கடையில் முதல் காப்பி

ஹலோ… ஹலோ, கேக்குதா? … ஆமா, நான்தான். … ரோட்டுல நிக்கிறேன், அதான் சத்தம். … இல்ல இல்ல, ஷெட்டுல இல்ல. அங்கேருந்து கிளம்பி ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. … சாப்பாடு கிடக்கட்டும். நீ முதல்ல அடுப்பை அணைச்சிட்டு வந்து உக்காரு. … அணைச்சிட்டியா? … உக்காந்தியா? … சரி.

உன் பொண்ணு கடைக்குப் போயிட்டு வந்தேன்.

… ஆமா. … ஆமாங்கறேன்ல. அந்தக் காப்பிக் கடைக்குத்தான். வேற எத்தனை கடை வச்சிருக்கா அவ? … சும்மா பாத்துட்டு வரப் போகல. எட்டு மாசமா அந்தத் தெருப் பக்கமே திரும்பாதவன் இன்னிக்கு சும்மா போவேனா? … சொல்றேன். நீ நடுவுல பேசாம இருந்தா முழுசா சொல்றேன்.

காலைல பத்து மணிக்கு நம்ம கேட்டரிங்காரர் ஷெட்டுக்கு வந்தாரு. … ஆமா, அந்த விருந்து காண்ட்ராக்ட் எடுக்கறவரு. பத்து வருஷமா நம்மகிட்ட மட்டும் கப்பு வாங்கறவரு. மெஷின் ஓடிட்டு இருக்கு, சத்தத்துல ஒண்ணும் கேக்கல. வெளிய கூட்டிட்டுப் போனேன். மனுஷன் செருப்பையே பாத்துட்டு நின்னாரு. அப்புறம் சொல்றாரு, அடுத்த மாசத்துலேர்ந்து பேப்பர் கப்பு வேணாமாம். டம்ளர் வாடகைக்கு எடுத்துக்கறாராம். எங்கேருந்துன்னு கேட்டேன். 'உங்க பொண்ணு கடையிலேருந்துதான் சார். அவங்களே கழுவி, அவங்களே எடுத்துட்டுப் போறாங்களாம். இப்ப எல்லாரும் சுற்றுச்சூழல்னு கேக்கறாங்க சார்'னாரு.

… இரு. இரு, நான் முடிக்கல. … ஒண்ணும் பேசாதேன்னு சொன்னேன்ல.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாரு. என் ஷெட்டு வாசல்ல நின்னுட்டு, என் மெஷின் சத்தம் கேட்டுட்டே, என் பொண்ணு என் ஆர்டரை வாங்கிட்டான்னு ஒருத்தன் என்கிட்டயே சொல்றான். உள்ள நாலு பொம்பளைங்க கப்பு அடுக்கிட்டு இருக்காங்க. அவர் ஆர்டர் போச்சுன்னா ரெண்டாவது மெஷினை நிறுத்தணும். ரெண்டு பேரை வீட்டுக்கு அனுப்பணும். யாரை அனுப்பறது? நீயே சொல்லு. … தெரியலைல்ல? எனக்கும் தெரியல. அப்படியே வண்டியை எடுத்தேன்.

… கோபத்துல வண்டி ஓட்டுனா என்ன, நல்லபடியாத்தானே வந்து சேந்தேன்.

… ஒரு நிமிஷம். … என்னங்க? … இதுவா, என் வண்டிதான். … எடுத்துடறேங்க, எடுத்துடறேன். … ஒண்ணுமில்ல, மருந்துக் கடைக்காரர். அவர் கடை வாசல்ல வண்டியை வச்சிருக்கேன், தள்ளி நிறுத்தச் சொல்றாரு. இரு… ம்… ம்… ஆச்சு. … ஆமா, எதிர்ப் பக்கம்தான் நிக்கிறேன். இங்கேருந்து அவ கடை நல்லாத் தெரியுது.

அது கடையா? நீ சொல்லு. … இல்ல, நீ சொல்ல வேணாம், நானே சொல்றேன். உள்ள போனா ஏசி கிடையாது. நாலு பக்கமும் ஜன்னலைத் திறந்து வச்சிருக்கா. மேசை எல்லாம் எங்கேயோ இடிச்ச வீட்டுக் கதவு. சாவி ஓட்டைகூட அப்படியே இருக்கு. நான் சர்க்கரையைப் போடறேன், பாதி அந்த ஓட்டைக்குள்ள போகுது. கை துடைக்கப் பேப்பர் இல்ல, துணி. ஒரு மூலைல பழைய டின்னுல காப்பிச் சக்கை. செடிக்குப் போடறவங்க எடுத்துட்டுப் போகலாம்னு எழுதி வச்சிருக்கா. ஒரு அம்மா வந்து நிஜமாவே ரெண்டு டின்னு தூக்கிட்டுப் போறாங்க, நகை வாங்கிட்டுப் போற மாதிரி சிரிச்சுட்டு.

… கேளு, கேளு. கவுண்டர்ல அவ இல்ல. கண்ணாடி போட்ட ஒரு அம்மா நின்னாங்க. அவங்களுக்கு என்னைத் தெரியாது. காப்பின்னேன். 'டம்ளர் கொண்டு வந்திருக்கீங்களா சார்'ங்கறாங்க. காப்பிக் கடைக்கு வர்றவன் டம்ளரோடயா வருவான்? கொண்டு வரலன்னேன். அப்ப இங்கயே உக்காந்து குடிங்க, இரவல் டம்ளர் தர்றோம், எடுத்துட்டுப் போறதுன்னா மட்டும் முடியாது, நாங்க பேப்பர் கப்பு வச்சுக்கறதில்லன்னாங்க. என்கிட்ட. யார்கிட்ட சொல்றோம்னு தெரியாம என் மூஞ்சிக்கு நேரா, 'பேப்பர் கப்புல உள் பக்கம் ப்ளாஸ்டிக் பூச்சு இருக்கு சார், நிறைய பேருக்குத் தெரியாது'ன்னு பாடம் வேற.

… சிரிக்கிறியா நீ? … இருமலா. சரி.

எனக்குத் தெரியாதா? அந்தப் பூச்சு போட்ட பேப்பர் ரோலை வாங்கிக் கப்பு அடிக்கறவனே நான். ப்ளாஸ்டிக் கப்பு விட்டுட்டுப் பேப்பருக்கு மாறுனவன் நான். பதினஞ்சு வருஷம் முன்னாடி இந்த ஏரியாவுல யாரு மாறுனா? எல்லாரும் என்னைப் பைத்தியம்னாங்க. இன்னிக்கு என் பொண்ணு கடையில நான் குப்பை போடறவன்.

… அதைத்தான் எட்டு மாசம் முன்னாடியும் சொன்னா, ஆமா. சாப்பிடற இடத்துல. ஷெட்டை வந்து பாத்துக்கோன்னு ஆசையாக் கேட்டதுக்கு, 'உங்க கப்பை நான் விக்க மாட்டேன்'னா. அந்தக் கப்புதான் உன்னைப் படிக்க வச்சுதுன்னேன். தட்டைத் தள்ளி வச்சுட்டு எந்திரிச்சவ, மறுநாள் துணியை எடுத்துட்டுப் போயிட்டா. … நான் போகச் சொல்லல. போகாதேன்னும் சொல்லல, சரி, ஒத்துக்கறேன்.

… காப்பியா? … காப்பி எப்படி இருந்துதுன்னு இப்ப ரொம்ப முக்கியம் பாரு. … நல்லா இருந்துது. … நல்லாத்தான் இருந்துதுன்னு சொல்லிட்டேன்ல, விடு. கொட்டை பக்கத்து மலையிலேர்ந்து வருதாம், விளைவிக்கறவங்ககிட்டயே வாங்கறாங்களாம், வாரா வாரம் இவளே வறுக்கறாளாம். அந்தக் கண்ணாடிக்காரம்மா விடாம சொல்லிட்டு இருந்தாங்க. … ஆமா, முழுசாக் குடிச்சேன். வாங்கினதைக் கொட்டவா முடியும்?

அங்க சுவத்துல ஒரு கரும்பலகை. அதுல பெருசா எழுதியிருக்கு. இந்த மாசம் இந்தக் கடையில நாம தூக்கிப் போடாத கப்பு பதினோராயிரத்து முந்நூத்து நாப்பதுன்னு. என் மெஷின் மூணு மணி நேரம் ஓடுனா அவ்வளவு கப்பு விழும். மூணு மணி நேரம். அதுக்கு ஒரு பலகை, அதைச் சுத்திப் பூ வரைஞ்சு வச்சிருக்கு. வர்றவன் எல்லாம் அதை ஃபோட்டோ எடுக்கறான். நான் உக்காந்து பாத்துட்டே இருந்தேன். அது என்னமோ என் ஷெட்டுலேர்ந்து ஒவ்வொண்ணா எடுத்து அங்க எழுதுன மாதிரி இருந்துது.

… சொல்றேன். அதுக்குத்தான் வர்றேன்.

அவ வந்தா. பின் தெரு பேக்கரிக்குப் போய் ரொட்டி வாங்கிட்டு சைக்கிள்ல வந்தா. … ஆளு இளைச்சுத்தான் இருக்கா. … வந்தா, நான் கேட்டுட்டேன். … என்ன கேட்டேன்னா? கேட்டரிங்காரர் ஆர்டரை எப்ப பிடிச்சே நீன்னு கேட்டேன். … மெதுவாத்தான் ஆரம்பிச்சேன். … அப்புறம் சத்தம் கொஞ்சம் கூடுச்சு. … கொஞ்சம்னா… பாரு, கடையில ஒரு பத்துப் பன்னெண்டு பேர் இருந்தாங்க. எல்லாருக்கும் கேட்டிருக்கும். … தெருவுக்கும் கேட்டிருக்கலாம். ஜன்னலை எல்லாம் திறந்து வச்சிருக்காளே, நான் என்ன பண்றது?

… எல்லாத்தையும் சொல்லணுமா? … அப்பன் தட்டுலேர்ந்து எடுத்துத் தின்னுட்டு ஊருக்கு உபதேசமான்னு கேட்டேன். … ஆமா, அப்படியேதான் கேட்டேன். ஷெட்டுல ரெண்டு பொம்பளைங்க வேலை போகப் போகுது, அதையும் சேத்து இந்தப் பலகையில எழுதுன்னேன். அந்தக் கண்ணாடிக்காரம்மா, 'சார், அந்த ஆர்டர்'னு என்னமோ ஆரம்பிச்சாங்க. இவ அவங்க கையைப் பிடிச்சு, வேணாம்ங்கற மாதிரி அழுத்துனா. பாத்துக்கோ. மறைக்க ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்? எனக்கு இன்னும் ஏறிடுச்சு. எந்திரிச்சுப் போய் அந்தப் பலகையில இருந்த நம்பரைக் கையாலயே அழிச்சிட்டேன்.

… ஹலோ? … லைன்ல இருக்கியா? … ஆமா, அழிச்சேன். … கையெல்லாம் சாக்பீஸு இன்னும் இருக்கு. … பேப்பர் படிச்சிட்டு இருந்த ஒரு பெரியவர் மட்டும், 'உக்காருங்க சார், தண்ணி குடிங்க'ன்னாரு. நான் வெளிய வந்துட்டேன்.

… தெரியும், தெரியும், நீ இப்ப அவ பக்கம் பேசுவேன்னு எனக்குத் தெரியும். ஏன் தெரியும்னா, அதுக்குத்தான் அடுத்து வர்றேன். உன்கிட்டக் கேக்க ஒண்ணு இருக்கு. ரோட்டுல நின்னு உனக்கு ஃபோன் போட்டதே அதுக்குத்தான்.

நீலக் கோடு போட்ட நம்ம பீங்கான் கப்பு எங்கே?

… எந்தக் கப்பா? காது உடைஞ்சு, நான் ஷெட்டுப் பசை போட்டு ஒட்டினேனே, அது. உன் கப்பு. நீ கணக்கு டீச்சரா இருந்தப்ப ஸ்கூல்ல வச்சிருந்தது. … அலமாரியில இருக்கா? போய்ப் பாத்துச் சொல்லு. … போ, நான் காத்திருக்கேன். … ஏன் போகல?

நான் சொல்லட்டுமா எங்க இருக்குன்னு? உன் பொண்ணு கடையில, கவுண்டருக்குப் பின்னாடி, வழக்கமா வர்றவங்க கப்பு மாட்டற கொக்கியில தொங்குது. மூணாவது வரிசை, ஜன்னல் பக்கம். நான் ஒட்டின ஒட்டு எனக்குத் தெரியாதா? கொஞ்சம் கோணலா ஒட்டிட்டேன்னு நீயே எத்தனை தடவை சொல்லியிருக்கே. அது யாரோடதுன்னு அந்தக் கண்ணாடிக்காரம்மாகிட்டக் கேட்டேன். 'அதுவா சார், எங்க கணக்கு டீச்சரோடது. செவ்வாயும் வெள்ளியும் வந்துடுவாங்க. வந்தா சும்மா உக்கார மாட்டாங்க, கழுவின டம்ளர் எல்லாம் துடைச்சுக் குடுத்துட்டுத்தான் போவாங்க'ன்னாங்க.

… செவ்வாயும் வெள்ளியும் நீ எங்க போறதா என்கிட்டச் சொன்னே? … சொல்லு. … முட்டி வலிக்குப் பயிற்சி. ஆமா. நான்தானே வண்டியில கொண்டு போய் பஸ் ஸ்டாப்புல விடுவேன். 'வலி எப்படி இருக்கு'ன்னு சாயங்காலம் கேப்பேன். 'பரவாயில்ல'ம்பே.

… எத்தனை நாளா? … முதல் வாரத்துலேர்ந்தா? … எட்டு மாசமுமா? … நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. நான் இங்க தனியா ஒரு பக்கம், வீட்டுல நீ வாயே திறக்கல, என் பக்கம் இருக்கேன்னு நினைச்சுட்டு இருந்தேன். நீ அங்க போய் டம்ளர் துடைக்கற. நான் கப்பு அடிச்சு விக்கறேன், என் பொண்டாட்டி போய் டம்ளர் துடைக்கறா. … கத்தல. … நான் கத்தல, ரோட்டுல சத்தம், அதனால. …

… என்ன? … என்ன சொன்னே? … சரியாக் கேக்கல, பஸ் போகுது. திரும்பச் சொல்லு.

… யாரு எடுக்கல?

… இரு. மெதுவாச் சொல்லு. கேட்டரிங்காரர் அங்க வந்தாரா? … எப்ப? … மூணு வாரம் முன்னாடி, வெள்ளிக்கிழமை. … நீ அப்ப அங்க இருந்தியா? … பின்னாடி துடைச்சிட்டு இருந்தே. சரி. … ம். … ம். … ரெண்டாயிரம் டம்ளர். … ம். … அவ என்ன சொன்னா?

… அப்படியா சொன்னா?

… இல்ல, அவ சொன்ன மாதிரியே சொல்லு. நீ மாத்தாம சொல்லு. … 'நீங்க எங்க அப்பாகிட்ட கப்பு வாங்கறவரு. உங்க ஆர்டரை நான் எடுக்க மாட்டேன். டம்ளருக்கு மாறணும்னு இருந்தா அதை முதல்ல அவர்கிட்டப் போய்ப் பேசுங்க.' … அவ்வளவுதானா? … அதுக்கு அப்புறம் அவர் எதுவும் பேசலையா? … ரெண்டு தடவை கேட்டாரா. … மாட்டேன்னுட்டா.

…

… இருக்கேன். லைன்லதான் இருக்கேன்.

… அப்ப காலைல ஏன் என்கிட்ட அப்படிச் சொன்னான் அந்த ஆளு? … விலை குறைச்சலாக் கப்பு வேற எங்கேயோ கிடைச்சிருக்குமா? … இருக்கும். அப்படித்தான் இருக்கும். பத்து வருஷப் பழக்கம், மூஞ்சியைப் பாத்து அதைச் சொல்ல முடியல, பொண்ணு பேரைப் போட்டுட்டான். நானும் அப்படியே நம்பிட்டேன். ஒரு கேள்வி திருப்பிக் கேக்கல. என் பொண்ணுன்னதும் நம்பிட்டேன்.

… நீ ஏன் என்கிட்டச் சொல்லல? மூணு வாரமாச்சு. ஒரு வார்த்தை. சாப்பாடு போடறப்ப ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னிக்கு இது நடந்திருக்குமா? … சொல்லக் கூடாதுன்னு அவ சத்தியம் வாங்கினாளா. … அதோட, சொன்னா நீ அங்க போறது எனக்குத் தெரிஞ்சிடும். … ஆமா, கத்தியிருப்பேன். … கத்தியிருப்பேன்தான். ஆனா வீட்டுல கத்தியிருப்பேன்ல? உன்கிட்ட கத்தியிருப்பேன். பன்னெண்டு பேர் நடுவுல அவகிட்ட கத்தியிருக்க மாட்டேன்ல? …

… என்னது? … அந்த ஆர்டர் அவளுக்கு எவ்வளவு அவசியம்னு தெரியுமான்னா கேக்கற? … கடை நல்லா ஓடலையா? கூட்டம் இருந்துதே. … உக்கார்றவங்க நிறைய, வாங்கறவங்க கம்மி. … ம். … வாடகைக்கு எடுத்த மாடி ரூமை விட்டுட்டாளா? எப்ப? … அப்ப எங்க படுக்கறா? … கடையிலயா? … கொட்டை மூட்டை வைக்கற ரூம்லயா? நீ பாத்துட்டு சும்மா இருந்தியா? … வீட்டுக்கு வாடின்னு கூப்பிட்டியா. … 'அப்பா கூப்பிட்டா வர்றேன்'னாளா.

…

ஒண்ணு சொல்லல உன்கிட்ட.

… அவ வந்தப்ப. சைக்கிளை நிறுத்திட்டு ரொட்டிப் பையோட உள்ள நுழைஞ்சா பாரு, என்னைப் பாத்தா. பாத்ததும் சிரிச்சா. … சின்னச் சிரிப்பு இல்ல. மூஞ்சி முழுக்க. நான் அவளைப் பாக்க வந்திருக்கேன்னு நினைச்சிட்டா. பையைக்கூடக் கீழ வைக்காம நேரா என் மேசைக்கு வந்து, 'எப்ப வந்தீங்க, காப்பி குடிச்சீங்களா, நல்லா இருந்துதா'ன்னு கேட்டா. அதுக்கு நான் சொன்ன பதில்தான் அந்தத் தட்டு விஷயம்.

… இல்ல, மெதுவா ஆரம்பிக்கல. பொய் சொன்னேன். எடுத்த எடுப்புலயே அதான் சொன்னேன். பையைப் பிடிச்சுட்டே நின்னா. நான் பேசி முடிக்கற வரைக்கும் கீழ வைக்கல.

… நீ அழாதே. … ஏய், நீ அழுதா எனக்கு இங்க ஒண்ணும் ஓடாது.

… தெரியுது, இங்கேருந்து தெரியுது. ஸ்டூல்ல ஏறி அந்தப் பலகையில திரும்ப எழுதிட்டு இருக்கா. … முதுகுதான் தெரியுது. … கண்ணாடிக்காரம்மா பக்கத்துல நிக்கிறாங்க. … யாரும் கிளம்பல. எல்லாரும் அப்படியே உக்காந்திருக்காங்க.

… என்ன பண்றதுன்னா? சாயங்காலம் ஃபோன் பண்ணிப் பேசறேன். … ஏன்? ஃபோன்ல பேசுனா பேச்சு இல்லையா? … சரி, நாளைக்கு நீ போறப்ப நானும் வர்றேன். கூட்டம் இல்லாத நேரமாப் பாத்து… என்ன? … இப்பவேவா? … கடை நிறைய ஆள் இருக்காங்க. … ஆமா, அவங்க முன்னாடிதான் கத்துனேன். … ஆமா. … அதுக்காக அவங்க முன்னாடியே… எனக்கு அறுபத்தி ரெண்டு வயசு. முன்னப் பின்ன தெரியாதவங்க நடுவுல நின்னு நான் என்னன்னு சொல்லுவேன்? …

… அதைத்தானே அவளும் வாங்கிட்டு நின்னான்னு சொல்ற. தெரியாதவங்க நடுவுல. … இல்ல, அவங்க அவளுக்குத் தெரிஞ்சவங்க. தினம் வர்றவங்க. அது இன்னும் மோசம். ம்.

… நீ கொஞ்சம் கோபமாப் பேசேன். இப்படி மெதுவாப் பேசாதே. … நீ மெதுவாப் பேசுனா எனக்குக் கஷ்டமா இருக்கு.

… கப்பு தப்புன்னு நான் ஒத்துக்க மாட்டேன். அதை இப்பவே சொல்லிட்டேன். என் ஷெட்டுல நடக்கறது நேர்மையான தொழில். நாலு குடும்பம் அதுல சாப்பிடுது. … நீ அதைக் கேக்கல. சரி. வேற எதுவும் கேக்கல. சரி, சரி. … இது மட்டும்தான். …

… போறேன். … போறேன்னேன்ல. வண்டி நின்னாக் குறுக்க போகலாம். … ஃபோனை வைக்காதே. பேச வேணாம், சும்மா லைன்ல இரு. … ம். … பஸ் வருது, இரு. … ம், தாண்டிட்டேன். …

… வாசல்ல நிக்கிறேன். … எல்லாரும் பாக்கறாங்க. அந்தப் பெரியவர் பேப்பரைக் கீழ வச்சிட்டாரு. நான் திரும்ப அழிக்க வந்திருக்கேன்னு நினைக்கறாங்க போல. … அவ பாக்கல. எழுதிட்டே இருக்கா. … தெரியும் அவளுக்கு, நான் வந்தது தெரியும். கை நின்னுடுச்சு. …

… போறேன். ஃபோன் கையில இருக்கு. கேட்டுட்டு இரு.

… இல்லம்மா, காப்பி வேணாம். டம்ளர் வேணாம். ஒரு நிமிஷம், எல்லாரும் கொஞ்சம்… நான் இவளோட அப்பா. கொஞ்ச நேரம் முன்னாடி இங்க நின்னு கத்துனேன், எல்லாரும் கேட்டிருப்பீங்க. என் ஆர்டரை இவ எடுத்துட்டான்னு சொன்னேன். இவ எடுக்கல. வந்த ஆளை எனக்காகத் திருப்பி அனுப்பியிருக்கா. எனக்கு அது தெரியாது. தெரிஞ்சுக்கணும்னு ஒரு வார்த்தை கேக்கவும் இல்ல. இவ மேல தப்பு இல்ல. தப்பு என்னோடது. … அவ்வளவுதான். நீங்க குடிங்க.

…

… பாப்பா. கீழ இறங்கு, ஸ்டூலு ஆடுது. … அம்மாதான் சொன்னா. அவளைத் திட்டாதே, நான் கேட்டதுக்கு அப்புறம்தான் சொன்னா. …

… ஹலோ? … சொல்லிட்டேன். கேட்டியா? … இறங்கிட்டா. சாக்பீஸ் கையைத் துணியில துடைக்கறா. கண்ணு சிவந்திருக்கு. … என்னைப் பாக்கல. … இரு, என்னமோ கேக்கறா.

… என்ன? … ஷெட்டுலயா? இன்னும் யாரையும் அனுப்பல. … யாரைன்னு எனக்கே தெரியல பாப்பா. … வேற ஆர்டர் பிடிக்கணும். பிடிப்பேன். … கப்புதான். கப்புதான் அடிப்பேன், வேற என்ன தெரியும் எனக்கு? … நீ சொல்றது எனக்குப் புரியாம இல்ல. நான் சொல்றதும் உனக்குப் புரியணும். … சரி. … சரி, அதுக்குச் சண்டை போடலாம். வீட்டுல வச்சுப் போடலாம். மூட்டை ரூம்ல படுக்க வேணாம், வீட்டுக்கு வா. … இன்னிக்கே. … கடையை மூடிட்டு வா. நான் வந்து கூட்டிட்டுப் போறேன். … யோசிச்சுச் சொல்றேங்கறியா? … யோசி. யோசிச்சே சொல்லு.

… ஹலோ? … யோசிக்கறாளாம். … இல்ல, வர்றேன்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. … எனக்கு எப்படித் தெரியும்? மூஞ்சி இன்னும் தூக்கித்தான் இருக்கு. உன் மூஞ்சி மாதிரியே. … இப்ப ஒரு நாற்காலியை இழுத்துப் போடறா. … என்ன பாப்பா? … உன் அம்மாகிட்டத்தான் பேசறேன், வேற யார்கிட்ட? …

… ஃபோனை வச்சிட்டு உக்காருங்கப்பாங்கறா. … கோபமாத்தான் சொல்றா. … ம். … உக்கார்றேன். … வச்சிடறேன்.